ஏசியின் புரோட்டோகாலை நாமே படித்தெடுக்கும்போது: அறிகுறி வாரியாகப் பிழை நீக்கும் வழி

ஏசியோடு வந்த ஆப்பும் வேண்டாம், தயாரிப்பாளரின் சர்வரும் வேண்டாம். வீட்டுக்குள் ஓடும் ஹோம் அசிஸ்டன்ட் (வீட்டுக் கருவிகளை இயக்கும் மென்பொருள்) நேராக ஏசியிடம் பேச வேண்டும். அதற்கு, ஏசி நெட்வொர்க்கில் எந்த விதிப்படி (அதுதான் புரோட்டோகால்) என்ன பேசுகிறது என்று கேட்டுப் புரிந்துகொண்டு, அதே பேச்சை நாம் எழுதும் நிரலும் பேச வேண்டும். இணையம் அறுந்தாலும் அது ஓடும், தயாரிப்பாளர் சர்வரை மூடிவிட்டாலும் ஓடும். காசு கொடுத்து வாங்கிய இயந்திரம் நம் பேச்சைக் கேட்க வேண்டும் என்பது நியாயமான ஆசை என்றே நான் நம்புகிறேன்.

இந்த வேலையில் நேரத்தைத் தின்பது பெரும்பாலும் ஒரே விஷயம்தான்: கோளாறு ஓர் அடுக்கில் இருக்க, கை வேறோர் அடுக்கில் இருப்பது. பாக்கெட், அதாவது நெட்வொர்க்கில் போகும் தரவுத் துண்டு, போய்ச் சேராதபோதே, செய்தியைப் பூட்டித் திறக்கும் ரகசியச் சாவியைச் சந்தேகிப்போம். செக்சம் (செய்தி கெடாமல் வந்ததா என்று சரிபார்க்கும் எண்) தப்பாக இருக்கும்போது வெப்பநிலை பைட்டை மாற்றி மாற்றிப் பார்ப்போம். அதனால் கீழே உள்ள அறிகுறிகளை அடியிலிருந்து மேலே போகும் வரிசையில் வைத்திருக்கிறேன்: பாக்கெட் சேருகிறதா, பூட்டுத் திறக்கிறதா, ஃபிரேம் (ஒரு முழுச் செய்தியின் பைட் வரிசை) ஒழுங்காக இருக்கிறதா, பைட்டுகளின் பொருள் சரியா, கடைசியாக, அந்த நேரத்தில் ஏசி அதைச் செய்யும் நிலையில் இருக்கிறதா. ஒரு கேள்விக்கு உறுதியாக ஆம் என்று சொல்ல முடியாதவரை அடுத்ததற்குப் போகாதீர்கள்.

தொடங்கும் முன் இரண்டு பழக்கங்கள். ஒவ்வொரு பதிவுக் கோப்போடும், அந்த நேரத்தில் என்ன செய்தீர்கள் என்று எழுதி வையுங்கள். "24லிருந்து 25, வேறு எதையும் தொடவில்லை" என்ற ஒற்றை வரி, குறிப்பே இல்லாத பெரிய பதிவைவிட உதவும். அப்புறம், படிக்கத் தெரிந்த பிறகே எழுதுங்கள். நிலையைக் கேட்கும் செய்தியால் ஏசிக்கு ஒன்றும் ஆகாது. பொருள் தெரியாத பைட்டுகளைத் தோராயமாக அனுப்புவது அப்படியல்ல. எல்லாமே உங்கள் சொந்த ஏசியில், உங்கள் சொந்த நெட்வொர்க்கில்தான் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

## வயர்ஷார்க்கில் ஏசியின் பாக்கெட் ஒன்றுகூடத் தெரியவில்லை

லேப்டாப்பை அதே வைஃபையில் சேர்த்து நெட்வொர்க் பேச்சைப் பதிவு செய்யும் வயர்ஷார்க்கைத் திறந்தால் போதும் என்று நினைப்பது இயல்பு. போதாது. டபிள்யூபிஏ2 பாதுகாப்பு உள்ள வைஃபையில் ஒவ்வொரு கருவியும் ரூட்டரோடு சேரும்போது தனக்கென ஒரு சாவியை உருவாக்கிக்கொள்கிறது. ஏசிக்கும் ரூட்டருக்கும் நடுவில் போகும் தனிப்பேச்சு உங்கள் லேப்டாப்புக்கு வராது. பிராட்காஸ்ட் (எல்லோருக்கும் பொதுவாக அனுப்பும்) செய்திகள் மட்டும் அவ்வப்போது தெரியும்.

நல்ல வழி, பேச்சு கடந்து போகும் இடத்தில் நின்று கேட்பது. ரூட்டரில் ஓபன்டபிள்யூஆர்டி என்ற திறந்த மென்பொருள் இருந்தால் அதிலேயே, பாக்கெட்டுகளைப் பதிவு செய்யும் டிசிபிடம்ப் ஓட்டலாம். இல்லையென்றால் ராஸ்பெர்ரி பை என்ற சிறு கணினியை வைஃபை ஆக்சஸ் பாயின்ட்டாக மாற்றி, ஏசியை மட்டும் அதில் இணையுங்கள்; போகிற வருகிற எல்லாமே உங்கள் கை வழியாகத்தான் போகும். ஏசியின் வைஃபை மாட்யூல்கள் பெரும்பாலும் 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டுமே அறிந்தவை, அதனால் அந்த அலைவரிசையிலேயே ஆக்சஸ் பாயின்ட்டை வையுங்கள்.

காற்றில் போவதை மானிட்டர் மோடில் பிடித்து, பாஸ்வேர்டைக் கொடுத்து வயர்ஷார்க்கில் திறப்பதும் நடக்கும். ஆனால் ஏசி ரூட்டரில் சேரும் நேரத்துக் கைகுலுக்கலும் (சாவியை முடிவு செய்யும் தொடக்கப் பேச்சு) பதிவில் இருந்தாக வேண்டும். டபிள்யூபிஏ3 என்றால் பாஸ்வேர்டு தெரிந்திருந்தும் இந்த வழி பலிக்காது.

## ஏசி வெளியே உள்ள சர்வருடன் மட்டும்தான் பேசுகிறது

இதை முதலில் உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். ரூட்டரில் ஏசிக்கு மட்டும் இணையத்தைத் துண்டியுங்கள். போன் வீட்டு வைஃபையில் இருக்க, ஆப்பில் வெப்பநிலையை மாற்றுங்கள். மாறினால் உள்ளூர்ப் பேச்சு இருக்கிறது என்று பொருள். இணையம் இருக்கும்போது ஆப் சர்வர் வழியைத் தேர்ந்தெடுத்ததால் அது கண்ணில் படவில்லை. மாறாவிட்டால் கதை வேறு.

ஏசி 443 அல்லது 8883 போர்ட்டில் டிஎல்எஸ் என்ற பூட்டிய இணைப்பு மூலம் பேசி, சர்வரின் சான்றிதழையும் ஒழுங்காகச் சோதிக்கிறது என்றால், நடுவில் நின்று கேட்பது கடினம். ஆப்பின் பக்கமிருந்து முயலலாம்தான். ஆனால் ஆண்ட்ராய்டு 7 முதல், பயனர் நிறுவும் சான்றிதழ்களை ஆப்கள் இயல்பாக நம்புவதில்லை. நடுவில் நின்று கேட்கும் மிட்ம்பிராக்ஸி நிரலின் சான்றிதழைப் போனில் போட்டுவிட்டு "ஆப் இணைய மறுக்கிறது" என்று திகைப்பதற்கு இதுவே வழக்கமான காரணம். ஆப் சர்வரின் சான்றிதழைத் தானே கையில் வைத்துச் சோதித்தால் இன்னும் ஒரு பூட்டு. இந்த இடத்தில் நான் சொல்வது: நெட்வொர்க்கோடு மல்லுக்கட்டாமல் ஏசிக்குள் இருக்கும் சீரியல் போர்ட்டுக்குப் போய்விடுங்கள். வைஃபை மாட்யூல் எவ்வளவு பூட்டப்பட்டிருந்தாலும், அது ஏசியின் மின்சுற்றுப் பலகையோடு பேசும் கம்பியில் பெரும்பாலும் பூட்டே இருக்காது. அதைப் பற்றிக் கடைசியில் வருகிறேன்.

## தேடும் பிராட்காஸ்ட்டுக்குப் பதிலே வரவில்லை

கிரீ ஏசிகள் யூடிபி (இணைப்பு ஏற்படுத்தாமல் அனுப்பும் முறை) 7000 போர்ட்டில் கேட்டுக்கொண்டிருக்கும். "ஸ்கேன்" என்ற ஒரு சின்ன ஜேசன் (எழுத்து வடிவ) செய்தியைப் பிராட்காஸ்ட் செய்தால் பதில் தரும். மைடியா ஏசிகளைத் தேடுவது யூடிபி 6445இல், கட்டளைகள் போவது டிசிபி (இணைப்பு ஏற்படுத்தி அனுப்பும் முறை) 6444இல். டைக்கினின் பழைய அடாப்டர்கள் யூடிபி 30050இல் தேடலுக்குப் பதில் சொல்லும். ஆப்புக்குப் பதில் வந்து உங்கள் நிரலுக்கு வரவில்லை என்றால், பிழை பெரும்பாலும் ஏசியில் இல்லை, உங்கள் கணினியில்தான்.

கணினியில் இரண்டு நெட்வொர்க் இடைமுகங்கள் இருந்தால் 255.255.255.255க்கு அனுப்பிய பாக்கெட் வேறு வழியாக வெளியேறியிருக்கலாம். 192.168.1.255 போல உங்கள் சப்நெட்டின் பிராட்காஸ்ட் முகவரிக்கே அனுப்பிப் பாருங்கள். நிரல் டாக்கர் என்ற தனிப் பெட்டிக்குள் ஓடினால், இயல்பான பிரிட்ஜ் நெட்வொர்க் பிராட்காஸ்ட்டை வெளியே விடாது; ஹோஸ்ட் நெட்வொர்க்குக்கு மாற்றுங்கள். ஏசி தனி விலானில் (பிரித்து வைத்த உள்நெட்வொர்க்) இருந்தால் ரூட்டரைத் தாண்டிப் பிராட்காஸ்ட் போகாது. ரூட்டரில் கிளையன்ட் ஐசொலேஷன் இருந்தால் ஒரே வைஃபையில் இருந்தும் இரண்டு கருவிகளும் ஒன்றையொன்று பார்க்காது.

எளிதில் கண்ணில் படாத காரணம் ஃபயர்வால். நீங்கள் அனுப்பியது பிராட்காஸ்ட் முகவரிக்கு, பதில் வருவது ஏசியின் முகவரியிலிருந்து. இரண்டுக்கும் தொடர்பு உண்டென்று ஃபயர்வாலுக்குத் தெரியாது, கேட்காமல் வந்த பாக்கெட் என்று கீழே போட்டுவிடும். இந்த நிலையில் டிசிபிடம்ப்பில் பதில் தெரியும், நிரலில் தெரியாது. இந்த வேறுபாட்டைப் பார்த்தவுடனே ஃபயர்வாலுக்குப் போங்கள். சந்தேகம் தீர, ஏசியின் ஐபிக்கே நேராக அதே செய்தியை அனுப்பிப் பார்ப்பது விரைவான சோதனை.

## பாக்கெட் வருகிறது, உள்ளே இருப்பது வெறும் இரைச்சல்

இங்கேதான் பலர் கைவிடுகிறார்கள். ஆனால் திறக்காத பாக்கெட்டும் நிறையச் சொல்லும்.

முதலில் எழுத்துகளைப் பாருங்கள். எழுத்தும் எண்ணுமாக, முடிவில் ஒன்றிரண்டு சமக்குறிகளோடு இருந்தால் அது பேஸ்64, பைட்டுகளை எழுத்துகளாக எழுதும் முறை. அவிழ்த்த பிறகுதான் உண்மையான பைட்டுகள். அடுத்து நீளம். பல பாக்கெட்டுகளின் தரவுப் பகுதி எப்போதும் 16இன் மடங்காகவே இருந்தால், ஏஇஎஸ் போன்ற, கட்டம் கட்டமாகப் பூட்டும் பிளாக் சைஃபர் என்று ஊகிக்கலாம். நீளம் தாராளமாக 1, 2 பைட் என்று மாறினால் ஜிசிஎம் போன்ற ஸ்ட்ரீம் வகையாக இருக்கலாம், அல்லது என்கிரிப்ஷனே இல்லாத பைனரியாகவும் இருக்கலாம்.

பிறகு முக்கியமான சோதனை: ஒரே கட்டளையை இரண்டு முறை அனுப்புங்கள், நடுவில் எதையும் மாற்றாமல். இரண்டு பாக்கெட்டும் எழுத்துக்கு எழுத்து ஒன்றே என்றால் இசிபி முறை (ஒவ்வொரு கட்டமும் தனித்தனியாகப் பூட்டப்படும்), அல்லது மாறாத ஐவியோடு (தொடக்க மதிப்பு) சிபிசி (ஒவ்வொரு கட்டமும் முந்தையதோடு சேர்த்துப் பூட்டப்படும்). முன்பாதி ஒன்றாக இருந்து பிறகு பிரிந்தால், பிரியும் 16 பைட் கட்டத்துக்குள் ஒரு வரிசை எண்ணோ நேரமுத்திரையோ இருக்கிறது. பிரிந்த பிறகும் பின்னால் வரும் கட்டங்கள் மறுபடி ஒன்றாகிவிட்டால் இசிபி. கடைசிவரை வேறாகவே போனால் சிபிசி. முதல் பைட்டிலிருந்தே வேறு என்றால் ஒவ்வொரு முறையும் புதிய ஐவி அல்லது நான்ஸ் (ஒரு முறை மட்டும் பயன்படும் எண்) பயன்படுகிறது.

தலைப்புப் பகுதி பெரும்பாலும் திறந்தே இருக்கும், அதுவே குடும்பத்தைக் காட்டிக்கொடுக்கும். மைடியாவின் பழைய பாக்கெட் ஹெக்ஸில் (பதினாறடிமான எண்களில்) 5ஏ 5ஏ என்று தொடங்கும். டோக்கனும் சாவியும் கேட்கும் மூன்றாம் பதிப்பு 83 70 என்று தொடங்கும். 00 00 55 ஏஏ என்றால் டுயா (பல பிராண்டுகளின் கருவிகளில் உள்ள வைஃபை தளம்), அதன் 3.5 பதிப்பு 00 00 66 99. இவற்றில் ஒன்று தெரிந்தால் நீங்கள் புதிதாக எதையும் உடைக்க வேண்டியதில்லை, ஏற்கெனவே திறந்த நிரல்கள் கிடைக்கின்றன.

சாவி எங்கே? கிரீயை எடுத்துக்கொள்ளலாம். எல்லா ஏசிக்கும் பொதுவான ஒரு சாவி ஆப்புக்குள் பொதிந்திருக்கிறது. ஸ்கேனுக்கு வரும் பதிலை அதனால் திறக்கலாம். பிறகு "பைண்ட்" என்று கேட்டால், அந்த ஏசிக்கு மட்டுமான தனிச் சாவியைப் பொதுச் சாவியால் பூட்டி ஏசியே அனுப்பிவிடும். அதன் பிறகு எல்லாப் பேச்சும் தனிச் சாவியில். எந்தச் சாவி என்பதை வெளியுறையில் உள்ள ஓர் எண் சொல்கிறது: 1 என்றால் பொது, 0 என்றால் தனி. பைண்ட் வரை சரியாக வந்து, நிலையைக் கேட்டால் மட்டும் மௌனம் என்றால் இந்த எண்ணை மாற்ற மறந்திருப்பீர்கள்.

புதிய ஃபர்ம்வேர் (கருவிக்குள் ஓடும் மென்பொருள்) உள்ள கிரீ ஏசிகள் இசிபியை விட்டு ஜிசிஎம்முக்கு மாறிவிட்டன, பொதுச் சாவியும் வேறு. பதிலில் "டேக்" என்று ஒரு தனிப் புலம் தெரிந்தால் அதுதான் அடையாளம். பழைய எடுத்துக்காட்டு நிரல் புதிய ஏசியில் ஓடாததற்கு அடிக்கடி இதுவே காரணம்.

## திறந்தது, ஆனால் முதல் 16 எழுத்துகள் மட்டும் குப்பை

மகிழ்ச்சியான அறிகுறி இது. சிபிசியில் ஐவி தப்பாக இருந்தால் முதல் கட்டம் மட்டுமே கெடும்; மீதி முழுதும் சரியாக வரும். உங்கள் சாவி சரி, முறை சரி, ஐவி மட்டும் தப்பு. ஐவி முழுக்கச் சுழியாக இருக்கலாம், அல்லது பாக்கெட்டின் முதல் 16 பைட்டுகளே ஐவியாக இருக்கலாம், இரண்டையும் முயலுங்கள். முதல் கட்டத்தில் என்ன எழுத்து இருக்க வேண்டும் என்று தெரிந்தால், கெட்டு வந்ததையும் இருக்க வேண்டியதையும் நீங்கள் கொடுத்த ஐவியையும் எக்ஸார் (பிட்டுக்குப் பிட் வேறுபாடு பார்க்கும் கணக்கு) செய்து சரியான ஐவியையே கண்டுபிடித்துவிடலாம்.

முதல் கட்டம் மட்டும் சரி, மீதி எல்லாம் குப்பை என்றால் நேர் எதிர்: நீங்கள் இசிபி என்று நினைத்துச் சிபிசியைத் திறக்கிறீர்கள், அதன் ஐவி சுழி. எல்லாமே குப்பை என்றால் சாவி தப்பு, அல்லது எங்கிருந்து தொடங்குவது என்பதில் சில பைட்டுகள் நகர்ந்திருக்கின்றன.

## சில கட்டளைகள் மட்டும் போகவில்லை, அதே நிரல்தான்

கட்டளையின் நீளத்தை எண்ணுங்கள். கட்டத்தை நிரப்பும் பிகேசிஎஸ்7 முறையில், செய்தி ஏற்கெனவே 16இன் மடங்காக இருந்தாலும் 16 பைட் கொண்ட ஒரு முழுக் கட்டம் நிரப்பியாகச் சேர வேண்டும். கையால் எழுதிய நிரப்பும் செயல்பாடுகள் இந்த இடத்தில் ஒன்றும் சேர்க்காமல் விட்டுவிடும். விசிறி வேகத்தை மாற்றினால் வேலை செய்யும், வெப்பநிலையை மாற்றினால் செய்யாது என்பது போலப் பொருளோடு தொடர்பே இல்லாத விதத்தில் பிழை தோன்றும். நூலகத்தின் செயல்பாட்டையே பயன்படுத்துங்கள்.

## ஏசி பதிலே சொல்லாமல் மௌனமாக இருக்கிறது

பாக்கெட் சேருகிறது, பூட்டும் சரி, ஆனாலும் மௌனம். செக்சம்தான் முதல் சந்தேகம். தப்பான செக்சம் உள்ள ஃபிரேமைப் பெரும்பாலான ஏசிகள் பேசாமல் கீழே போட்டுவிடும். பிழைச் செய்தி எதிர்பார்க்காதீர்கள்.

தெரியாத செக்சத்தைக் கண்டுபிடிப்பது எனக்கு இந்த வேலையிலேயே மிகப் பிடித்த பகுதி. ஒரே நீளமுள்ள பல ஃபிரேம்களைச் சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள். 24 டிகிரியும் 25 டிகிரியும் உள்ள இரண்டு ஃபிரேம்களில் தரவு பைட் 1 கூடி, கடைசி பைட்டும் 1 கூடினால் அது வெறும் கூட்டல். 1 குறைந்தால் கூட்டலின் எதிர்மறை. சாதாரணக் கழித்தலில் ஒழுங்கு கிடைக்கவில்லை, ஆனால் எக்ஸார் வேறுபாடு ஒவ்வொரு முறையும் ஒத்துப்போகிறது என்றால் எக்ஸார் அல்லது சிஆர்சி (பல்லுறுப்புக்கோவை வகுத்தலில் கிடைக்கும் மீதியான செக்சம்). அந்த இரண்டையும் பிரிக்க, அதே பிட் வேறொரு இடத்து பைட்டில் மாறிய ஜோடியைப் பாருங்கள். எக்ஸாரில் இடம் பொருட்டல்ல, விளைவு அதேதான். சிஆர்சியில் இடம் மாறினால் விளைவும் மாறும்.

ஒரே நீளமுள்ள செய்திகளில் சிஆர்சிக்கு இன்னொரு குணமும் உண்டு: இரண்டு ஃபிரேம்களின் சிஆர்சியை எக்ஸார் செய்தால், தொடக்க மதிப்பும் முடிவில் சேர்க்கும் மாறிலியும் தாமே விழுந்துவிடும். மிஞ்சுவது பல்லுறுப்புக்கோவையையும் பிட் வரிசையையும் மட்டுமே சார்ந்தது. 8 பிட் சிஆர்சிக்கு மொத்தம் 256 பல்லுறுப்புக்கோவைகள்தான். எல்லாவற்றையும் கணினி ஒரு நொடியில் முயன்றுவிடும்.

கையால் சரிபார்க்க ஓர் எடுத்துக்காட்டு. மிட்சுபிஷி எலக்ட்ரிக்கின் சீரியல் போர்ட்டில் முதன்முதலில் அனுப்ப வேண்டிய செய்தி, பதின்ம எண்களில் எழுதினால்: 252, 90, 1, 48, 2, 202, 1, 168. கடைசி எண்தான் செக்சம். முதல் ஏழையும் கூட்டினால் 596. 256ஆல் வகுத்தால் மீதி 84. 252லிருந்து 84 போக 168. உங்கள் நிரல் இந்த எண்ணைத் தராவிட்டால் மேலே போக வேண்டாம்.

ஒரே ஃபிரேமில் இரண்டு சோதனைகள் இருக்கலாம் என்பதையும் மறக்காதீர்கள். மைடியாவில் தரவுப் பகுதிக்கு 8 பிட் சிஆர்சி, அதையும் சேர்த்து ஃபிரேம் முழுக்க ஒரு கூட்டல் செக்சம். அந்தக் கூட்டல் தொடக்க பைட்டைச் சேர்ப்பதில்லை. முதலில் உள்ளே, பிறகு வெளியே. வரிசை மாறினால் இரண்டும் தப்பாகும்.

## "ஓகே" என்று பதில் வருகிறது, ஏசி ஒன்றும் செய்யவில்லை

ஏசி ரிமோட்டின் பழக்கம் பல புரோட்டோகால்களிலும் தொடர்கிறது: ஒரு பட்டனை அழுத்தினால் போவது அந்த ஒரு மாற்றம் அல்ல, முழு நிலையும். மோட், வெப்பநிலை, விசிறி, இறக்கை எல்லாம் சேர்ந்து. வெப்பநிலையை மட்டும் அனுப்பினால் ஏசி மறுக்கும், அல்லது விடுபட்ட புலங்களைச் சுழி என்று எடுத்துக்கொண்டு அணைந்தே போகும்.

டைக்கினின் பழைய எச்டிடிபி அடாப்டர்களில் இது பளிச்சென்று தெரியும். பவர், மோட், வெப்பநிலை, ஈரப்பதம், விசிறி வேகம், திசை எல்லாவற்றையும் ஒன்றாகக் கொடுக்க வேண்டும். ஒன்று விட்டாலும் "பாராம் என்ஜி" என்று திருப்பி அனுப்பிவிடும். ட்ரை மோடில் வெப்பநிலை இடத்தில் எண்ணே இருக்காது, "எம்" என்ற எழுத்துதான் இருக்கும். ஃபேன் மோடில் இரண்டு கோடுகள். கூலிலிருந்து ட்ரைக்கு மாற்றும்போது பழைய 24ஐயே அனுப்பும் நிரல் இங்கே அடிபடும். எப்போதும் முதலில் நிலையைப் படித்து, அதில் வேண்டியதை மட்டும் மாற்றி, முழுசாகத் திருப்பி எழுதுங்கள். புரியாத பைட்டுகளையும் படித்தபடியே திருப்பி வையுங்கள்.

உள்ளே பீப் சத்தம் கேட்கிறதா என்று கவனியுங்கள். பீப் வந்தால் ஃபிரேம் ஏசியின் பலகை வரை போய்விட்டது, பொருளில்தான் பிழை. பீப் இல்லாமல் "ஓகே" மட்டும் வந்தால், வைஃபை மாட்யூல் வாங்கி வைத்துக்கொண்டு உள்ளே அனுப்பாமல் இருக்கலாம். ஆனால் பீப்பை அடக்கும் பிட் பல புரோட்டோகால்களில் உண்டு; அது இயங்கிக்கொண்டிருந்தால் இந்தச் சோதனை பயன்படாது.

## ஆன் ஆகிறது, விசிறி சுற்றுகிறது, குளிரவில்லை

கட்டளையில் ஒன்றும் பிழையில்லை. கம்ப்ரஸர் நின்றவுடன் மறுபடி ஓடினால் பழுதாகும் என்பதற்காக ஏசியே சுமார் 3 நிமிடம் தடுத்து வைக்கும். சோதனைக்காக ஆன், ஆஃப் என்று மாற்றி மாற்றி அனுப்பினால் இதைத்தான் பார்ப்பீர்கள். சோதிக்க விசிறி வேகத்தையோ இறக்கையையோ எடுத்துக்கொள்ளுங்கள். உடனே கண்ணுக்குத் தெரியும், கம்ப்ரஸருக்கும் நல்லது. உங்கள் தானியங்கி விதிகளிலும் இந்த இடைவெளியை மதியுங்கள்.

## வெப்பநிலை எண் ஒத்துப்போகவில்லை

ஒவ்வொரு தயாரிப்பாளருக்கும் ஒரு கணக்கு. மைடியாவில் அமைத்த வெப்பநிலை, 16ஐக் கழித்து 4 பிட்டில் இருக்கும், அரை டிகிரிக்குத் தனியே ஒரு பிட். அறை வெப்பநிலையோ, பைட்டிலிருந்து 50ஐக் கழித்து 2ஆல் வகுப்பது. கிரீயின் பல மாடல்களில் அறை வெப்பநிலை 40 கூட்டி வரும். 27 டிகிரி அறையில் 67 என்று தெரிந்தால் அதுதான். மிட்சுபிஷியின் பழைய முறை தலைகீழ்: 31 டிகிரி என்றால் 0, 16 டிகிரி என்றால் 15. புதிய முறையில் டிகிரியை இரட்டித்து 128 சேர்க்க வேண்டும்.

தெரியாத ஏசியில் 16லிருந்து 30 வரை ஒவ்வொன்றாக வைத்துப் பதிவு செய்து, எந்த பைட் சீராக நகர்கிறது என்று பாருங்கள். இரண்டு புள்ளிகள் மட்டும் வைத்துச் சூத்திரம் எழுதாதீர்கள். அரை டிகிரி பிட் வேறு பைட்டில் ஒளிந்திருந்தால் இரண்டு புள்ளிகளில் அது தெரியாது.

## நேற்றுவரை ஓடியது, இன்று ஓடவில்லை

ஏசியின் ஐபி மாறியிருக்கலாம். ரூட்டரில் நிலையாக ஒதுக்கிவிடுங்கள். ஆப்பில் ஏசியை மறுபடி சேர்த்திருந்தால் தனிச் சாவி மாறியிருக்கும். டுயா வகைகளில் இது நிச்சயம் நடக்கும். ஃபர்ம்வேர் தானாகப் புதுப்பித்துக்கொண்டு புரோட்டோகாலே மாறியிருக்கலாம்; உள்ளூர்ப் பேச்சு வேலை செய்யத் தொடங்கியவுடன் ஏசிக்கு இணையத்தை அடைத்துவிடுவது நான் எல்லோருக்கும் சொல்வது. ஆனால் சில மாட்யூல்கள் சர்வர் கிடைக்காவிட்டால் திரும்பத் திரும்ப ரீஸ்டார்ட் ஆகும், அதையும் ஓரிரு நாள் கவனித்துவிட்டே முடிவு செய்யுங்கள்.

சில நிமிடங்களில் அறுந்து, கொஞ்ச நேரம் கழித்துத் தானே சரியானால் பிரச்சினை இணைப்பில். இந்த மாட்யூல்களில் நினைவகம் சிறியது. பலவும் ஒரே நேரத்தில் ஒரு டிசிபி இணைப்பைத்தான் தாங்கும். போனில் ஆப் திறந்திருந்தால் உங்கள் நிரலுக்கு இடமில்லை. நொடிக்கு நொடி நிலையைக் கேட்பதும் மாட்யூலைத் திணறடிக்கும். 30 நொடிக்கு ஒரு முறை போதும். நீண்ட இணைப்பாக இருந்தால் இடையிடையே ஹார்ட்பீட் (இணைப்பு உயிரோடு இருக்கிறது என்னும் சிறு செய்தி) அனுப்ப மறக்காதீர்கள்.

## திரையில் மதிப்பு மாறிவிட்டு மறுபடி பழையதுக்குத் திரும்புகிறது

கட்டளை அனுப்பிய உடனே நிலையைக் கேட்டால் ஏசி இன்னும் பழைய நிலையையே சொல்லும். அனுப்பிய பின் சில நொடி காத்திருந்து படியுங்கள், அதுவரை வரும் பழைய பதில்களை ஒதுக்குங்கள். ஆனால் அனுப்பியதையே உண்மை என்று என்றென்றும் காட்டாதீர்கள். யாராவது ரிமோட்டை அழுத்தியிருக்கலாம். ஏசி சொல்வதே கடைசி வார்த்தை.

## சீரியல் போர்ட்டில் பாதி பைட்டுகள் வருகின்றன, பாதி வரவில்லை

முதலில் பாதுகாப்பு. ஏசியின் உட்பலகையில் உயர் மின்னழுத்தம் உண்டு, சில பலகைகளில் குறை மின்னழுத்தப் பகுதியும் மெயினிலிருந்து தனிமைப்படுத்தப்பட்டிருக்காது. பிரேக்கரை அணைத்து, கெப்பாசிட்டர்கள் வடியும் வரை காத்திருந்த பிறகே திறங்கள். மின்சாரம் ஓடும் ஏசியின் சீரியல் கம்பியை லேப்டாப்பின் யூஎஸ்பியோடு நேராக இணைக்கவே கூடாது. ஏசியின் பலகையிலிருந்தே மின்சாரம் எடுக்கும் ஈஎஸ்பி32 என்ற சிறு வைஃபை பலகையை வைத்து, பதிவை வைஃபை வழியாக வெளியே எடுங்கள். பலகையின் சிக்னல் 5 வோல்ட், ஈஎஸ்பி32க்கு 3.3 வோல்ட்தான், நடுவில் மின்னழுத்தத்தை மாற்றும் லெவல் ஷிஃப்டர் வேண்டும். இந்தப் பத்தி உங்களுக்குப் பழக்கமில்லாத பேச்சாக இருந்தால், இந்த வேலையைத் தெரிந்தவரோடு சேர்ந்து செய்யுங்கள்.

இனி அறிகுறி. வேகம் தப்பு என்றால் எல்லாமே குப்பையாக வரும். ஒழுங்கான பைட்டுகளுக்கு நடுவில் சில மட்டும் ஃபிரேமிங் பிழையோடு (பைட்டின் முடிவைக் காட்டும் ஸ்டாப் பிட் இல்லாமல்) விழுந்தால் பாரிட்டி (1களின் எண்ணிக்கையைச் சரிபார்க்கும் கூடுதல் பிட்) தப்பு. மிட்சுபிஷியின் சிஎன்105 போர்ட் வழக்கமாக 2400 வேகம், 8 பிட், இரட்டைப்படைப் பாரிட்டி. அதை நீங்கள் பாரிட்டி இல்லாமல் படித்தால், ஸ்டாப் பிட் வர வேண்டிய இடத்தில் பாரிட்டி பிட் வந்து நிற்கும். ஒற்றைப்படை எண்ணிக்கையில் 1 உள்ள பைட்டுகளில் அது 1, ஸ்டாப் பிட்டாகவே தோன்றும். இரட்டைப்படையில் அது 0, பிழை. அதனால்தான் பாதி பைட்டுகள் மட்டும் ஒழுங்காக வருகின்றன. டைக்கினின் எஸ்21 போர்ட்டும் 2400தான், இரட்டைப்படைப் பாரிட்டிதான், ஆனால் ஸ்டாப் பிட் இரண்டு.

பைட்டுகள் சரி, ஃபிரேம் மட்டும் நடுவில் அறுகிறது என்றால் உங்கள் டைம்அவுட்டைப் பாருங்கள். 2400 வேகத்தில், 11 பிட் கொண்ட ஒரு பைட் வர 4.6 மில்லிசெகண்ட் ஆகும். 22 பைட் ஃபிரேமுக்கு 100 மில்லிசெகண்ட்டுக்குச் சற்று மேல். வேகமான போர்ட்டுகளுக்கு எழுதிய 50 மில்லிசெகண்ட் டைம்அவுட்டை அப்படியே கொண்டுவந்தால், ஏசி பாதி சொல்லும்போதே நிரல் காதை மூடிக்கொள்ளும். ஃபிரேமுக்கு 200, அடுத்த கேள்விக்கு முன் கொஞ்சம் இடைவெளி என்று வையுங்கள். அதன் பிறகும் அறுந்தால் கிரவுண்ட் கம்பியின் இணைப்பையும், லெவல் ஷிஃப்டர் 2400 வேகத்திலும் சிக்னலைக் கூர்மையாக விடுகிறதா என்பதையும் லாஜிக் அனலைசரில் (சிக்னலை வரைந்து காட்டும் கருவி) பாருங்கள். ஒரு பிட் 417 மைக்ரோசெகண்ட் அகலத்தில் தெரிய வேண்டும்.